பூதத்தின் பலம் பன்னிரண்டு

அருள்மொழியை அந்தப் பூதம் முதல்முறையாகக் கொன்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே. கொன்ற கையோடு, எழுந்து அடுத்தவருக்கு இடம்விடச் சொன்னார்கள். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தபோதும், தான் எதில் தோற்றோம் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

விஷயம் இதுதான். அவள் கணவன் கதிரவன் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கும் அண்ணாமலை நகருக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டியவன். இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவையாவது டயாலிசிஸ் செய்தாக வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் செய்துகொண்டதில் முதலில் ஆட்டோ போனது, அப்புறம் அவளுடைய தையல் மிஷின் போனது, இப்போது வாரம் ஒரு தடவை என்று குறைத்திருந்தார்கள். கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினான். மனவுறுதி நிதியம் என்ற அமைப்பு சிதம்பரத்தில் நடத்தும் இலவச மையத்தில் ஒரு நாற்காலி கிடைத்தால் பிழைப்பான், கிடைக்காவிட்டால் பிழைக்கமாட்டான். டாக்டர் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

மனவுறுதி நிதியம் அரசாங்கமும் இல்லை, தனியாரும் இல்லை. இரண்டிலும் உள்ள கெட்ட பழக்கங்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் செய்த ஒரு அமைப்பு. அதனிடம் நாற்காலிகள் கொஞ்சம், கேட்டு வருகிறவர்கள் ஏராளம். இப்படியொரு நிலைமை வந்தால் இன்னும் நாலு நாற்காலி வாங்கிப் போடலாமே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அப்படித் தோன்றாதவர்களாகப் பார்த்துத்தான் ஆட்சிக்குழுவில் உட்காரவைத்திருந்தார்கள். அவர்கள் சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தார்கள். அவர் ஏசி அறையில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து, நோய் என்பது ஒரு போர் என்றும், போராடும் குணம் உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் சிகிச்சைதான் வீணாகாது என்றும், ஆகவே முதலில் போராடும் குணத்தை அளக்க வேண்டும் என்றும் கண்டுபிடித்தார். அளக்கும் கருவியாக அவர் கொடுத்துவிட்டுப் போனது ஒரு புத்தகம்.

புத்தகத்தின் பெயர் ‘மரகதக் கோட்டையின் பூதம்’. கதைப் புத்தகம்தான், ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க முடியாது. பத்திக்குப் பத்தி எண் போட்டிருக்கும். நீதான் வீரன், நீ ஒரு கோட்டை வாசலில் நிற்கிறாய், இடப்பக்கக் குகைக்குள் நுழைவதானால் முப்பத்து நாலாம் பத்திக்குப் போ, வலப்பக்கம் போவதானால் தொண்ணூறாம் பத்திக்குப் போ என்று கதை வாசிக்கிறவரையே ஏவிக்கொண்டிருக்கும். சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும். பகடையில் விழுந்ததோடு நம் பலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும், பூதத்துக்கும் அப்படியே உருட்டிக் கூட்ட வேண்டும். யாருக்குக் கூடுதலோ அவர் அடித்தார், மற்றவர் பட்டார். மூன்று அடி பட்டால் சாவு. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் அடி பூதத்தினுடையது. பூதம் அலுவலகத்தைச் சேர்ந்ததல்லவா.

ஆட்டம் தொடங்கும்போது உருட்டியதில் அன்று அருள்மொழிக்கு அமைந்த பலம் ஏழு. பூதத்தின் பலம் பன்னிரண்டு. கோட்டைக்குப் போகும் வழியெல்லாம் சரியாகத்தான் போனாள். பாலத்தில் வழுக்கவில்லை, கிழவியின் பேச்சை நம்பவில்லை. பூதத்தின் முன்னால் போய் நின்று மூன்று தடவை உருட்டினாள், மூன்று தடவையும் பட்டாள். பக்கம் புரட்டும் ஊழியரான மாலதி, மிக்சர் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படிக்கிற குரலில், “நீங்கள் இறந்துவிட்டீர்கள். உங்கள் சாகசம் இங்கே முடிகிறது,” என்று வாசித்தாள். பக்கத்தில் இருந்தவர் ‘மனவுறுதி போதவில்லை’ என்ற ரப்பர் முத்திரையைக் குத்தினார். அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பவும் வரலாமாம்.

அடுத்த செவ்வாயும் போனாள், செத்தாள். அதற்கடுத்த செவ்வாயும் அதேதான். அந்த மூன்றாவது சாவுக்குப் பிறகுதான் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் ஆரோக்கியராஜைப் பார்த்தாள். சேத்தியாத்தோப்புக்காரன், முப்பது வயதுக்குள் இருக்கும். வரிசையில் நிற்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க அங்கே வந்து உட்காருவான். போன வருஷமே பூதத்தைக் கொன்று தன் தங்கை வெண்மதிக்கு நாற்காலி வாங்கியவன் என்று வரிசையில் அவனைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள்.

“எப்படி தம்பி ஜெயிச்ச? என்னா சூட்சுமம்னு சொல்லேன்,” என்று வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

“சூட்சுமம்லாம் ஒண்ணும் இல்லக்கா. அப்ப புஸ்தகத்த நம்ம கையிலயே குடுத்துடுவாங்க. எல்லாரும் ஒரு வெரல பழைய பக்கத்துலயே சொருவி வச்சிக்குவோம். செத்துட்டா வெரல் இருக்கற எடத்துக்குத் திரும்பிப் போயி, சாவாத மாரி மறுபடி ஆரம்பிச்சிக்குவோம். பூதமும் அப்ப எட்டுதான். நானு நாலு வெரல் வச்சிருந்தேன்.”

“அப்ப எல்லாரும் ஜெயிச்சிருப்பாங்களே?”

“ஜெயிச்சாங்கக்கா. அதான் வெனை. இவ்ளோ பேரு ஜெயிக்கறாங்கன்னா பூதம் நோஞ்சானா இருக்குதுன்னு அவுங்களே முடிவு பண்ணிட்டாங்க. எட்டப் பத்தாக்கினாங்க. எங்காளுங்க இன்னும் ரெண்டு வெரல் ஜாஸ்தி வச்சாங்க. பத்தப் பன்னெண்டாக்கினாங்க. அப்பறம் யாரோ வெரலப் பத்திப் போட்டுக் குடுத்துட்டாங்க. பக்கம் புரட்டறதுக்கு ஒரு போஸ்டு போட்டு அந்த மாலதிய ஒக்கார வச்சிட்டாங்க. வெரலு போச்சி. பன்னெண்டு மட்டும் அப்படியே நின்னுடுச்சி.”

அருள்மொழி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஊரே விரலை வைத்து ஏமாற்றியதற்காகப் பலம் ஏற்றிய பூதத்தோடு இவள் வெறுங்கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. விரலை எடுத்தவர்கள் பலத்தையும் இறக்க வேண்டாமா? இதைச் சொன்னால் யாருக்கும் புரியும் என்று நினைத்தாள். ஆரோக்கியராஜே மனு எழுதிக் கொடுத்தான். குறைதீர்க்கும் நாளில் சமநிலை அலுவலர் திருநாவுக்கரசின் அறைக்குள் போனாள்.

சமநிலை அலுவலர் என்றால் பூதத்தின் பலம் கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பிள்ளையார் படமும், அவர் பிள்ளையின் படமும், பூதத்தின் படமும் இருந்தன. மனுவைப் படித்துவிட்டு அவர் ரொம்ப அன்பாகப் பேசினார்.

“பன்னெண்டு ஜாஸ்தின்னு சொல்றீங்க. சொல்லலாம்மா, ஜனநாயகம். ஆனா நீங்க ஒங்க பக்கம் மட்டும் பாக்கறீங்க. நான் பூதத்து பக்கத்துலேந்தும் பாக்கணும் இல்லயா? பூதத்துக்காகப் பேச இங்க யாரு இருக்கா? அதுக்கு ஒரு ஓட்டு உண்டா? சங்கம் உண்டா? நான் ஒருத்தன்தான்.”

“சார், என் வூட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது சார்.”

“புரியிதும்மா. அதனாலதான் நாங்க சும்மா ஏத்தி வைக்கல. பரிசோதன பண்ணித்தான் ஏத்தினோம். இந்த ஆபீஸ்ல இருக்கற அத்தன பேரும் பன்னெண்டு பலத்தோட வெளையாடிப் பாத்தாங்க. டிரைவர்லேந்து டைரக்டர் வரைக்கும். ஒருத்தர் சாவல. ஒரே ஒருத்தர்கூட! அப்ப கோளாறு பூதத்துலயா, மக்கள்கிட்டயா? நீங்களே சொல்லுங்க.”

அவள் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். வெளியே வந்ததும் மாலதிதான் குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னாள். “அன்னிக்கு நானும் இருந்தேன்க்கா. ஒண்ணு ரெண்டு வுழுந்தா கட்ட சாஞ்சி வுழுந்துடுச்சின்னு எடுத்து மறுபடி போடுவாங்க. டைரக்டர் சார் ஆறு வுழற வரைக்கும் போட்டாரு. ஜெயிச்சதும் எல்லாருக்கும் பிரியாணி. நானும் தின்னேன், இல்லன்னு சொல்லல.”

ஆனாலும் மனு வீண்போகவில்லை என்றே சொல்ல வேண்டும். நிதியம் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு, புத்தகத்தின் சமநிலை பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் கூட்டியது. நோயாளிகளின் குடும்பங்கள் வெளியே பந்தலில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டார்கள். கருத்து சொன்னவர்கள் உள்ளே இருந்தார்கள். வீரன் கையில் வாள் இருப்பது வன்முறையைத் தூண்டும் என்று ஒருவர் சொல்ல, வாளை எடுத்துவிட்டுக் கம்பு கொடுத்தார்கள். கம்பு என்பதால் வீரனின் பலத்தில் ஒன்று குறைந்தது. காட்டுக்குள் ஒரு முனிவர் இருந்தார், அடிபட்டு வருகிறவருக்கு மூலிகைச் சாறு கொடுத்து உயிர் கூட்டுவார். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தால் முயற்சி மங்கிவிடும் என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். அந்த வாரத்திலிருந்து முனிவரின் பத்தியில், ‘முனிவர் கூட்டத்துக்குச் சென்றிருக்கிறார், நாளை வா’ என்று மட்டும் இருந்தது. நாளைக்கு எந்தப் பத்தி என்று போடவில்லை.

அது போதாதென்று, ஏற்கெனவே நாற்காலி பெற்றவர்களின் போராட்ட குணம் துருப்பிடித்துவிடக் கூடாது என்று ஒரு பெண்மணி கவலைப்பட்டார். ஆகவே புதுப்பித்தல் வந்தது. நாற்காலி வைத்திருக்கும் குடும்பங்கள் அவ்வப்போது கடலூருக்கு வந்து பூதத்தின் தம்பியோடு சண்டையிட வேண்டும். ஜெயித்தால் நாற்காலி தொடரும், தோற்றால் அன்றோடு சரி. ஒலிபெருக்கியில் இதைக் கேட்ட ஆரோக்கியராஜ் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அருள்மொழியின் மனுவால்தான் கூட்டம், கூட்டத்தால்தான் புதுப்பித்தல். அவள் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டுகிறவரை அவளால் கூட வந்த ஆரோக்கியராஜின் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அவனாகவே இஞ்சி மிட்டாய் வாங்கி நீட்டியபோது அழுகை வந்துவிட்டது.

வீட்டில் கதிரவன் அவளுக்குப் பயிற்சி கொடுத்தான். பக்கத்து வீட்டுப் பரமபத அட்டையிலிருந்து பகடையை இரவல் வாங்கி வைத்திருந்தான். அவன்தான் பூதம். வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, “வாடி, மனுசப்பூச்சி,” என்று உறுமுவான், பாதி உறுமலில் மூச்சு வாங்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி உறுமுவான். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவள்தான் ஜெயித்தாள். தனக்கு ஆறு விழும்போதெல்லாம் அவன் பகடையை முழங்கையால் தட்டிவிட்டு, கை தவறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரிய கொஞ்ச காலம் ஆனது.

“என்னாங்க இது, இப்படிப் பண்ணா நான் எப்படிக் கத்துக்கறது?” என்று கோபித்தாள்.

“அங்க ஒரு பூதம் ஒன்ன வாராவாரம் கொல்லுது. இங்கயுமா சாவணும்? வுடு மொழி.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவனை இழந்தால் தன்னால் தாங்க முடியாது. இந்த மனுஷனுக்காக யார் காலில் வேண்டுமானாலும் விழலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று அங்கே நின்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தது அவளுக்கே பயமாக இருந்தது. அந்த வாரம் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் தீபாவளி வரைகூடத் தாங்காது என்றார்.

ஆடி முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை. கூடம் நிறைய ஆட்கள். அருள்மொழியின் டோக்கன் அன்றைக்குச் சீக்கிரமே வருகிற டோக்கன். அவளுக்கு முன்னால் புதுப்பித்தலுக்காக ஆரோக்கியராஜ் உட்கார்ந்திருந்தான். அவன் உருட்டுவதை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பூதத்தின் தம்பிக்குப் பலம் ஒன்பது, ஆரோக்கியராஜுக்கும் ஒன்பது. அவன் இரண்டு அடி அடித்தான், இரண்டு அடி பட்டான். கடைசி உருட்டலில் அவனுக்குப் பதினாலு வந்தது, தம்பிக்கும் பதினாலு வந்தது.

சமமாக வந்தால் அடி பூதத்தினுடையது. மாலதி புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தாள். முத்திரைக்காரர், “வாசிங்க மேடம், நேரமாவுது,” என்றார். வாசித்தாள்.

ஆரோக்கியராஜ் எழவில்லை. “சார், எந்தங்கச்சிக்கு நாளைக்குக் காலையில முறை சார். பி.எட். கடைசி பரீட்ச எழுதப் போவுது சார்,” என்றான். இரண்டு தடவை சொன்னான். அவனை யாரும் திட்டவில்லை, தள்ளவும் இல்லை. காவலாளி தோளில் கை வைத்து நல்லவிதமாகவே எழுப்பினார்.

அதற்குள் திருநாவுக்கரசு அறையிலிருந்து வெளியே வந்தார். கூடத்தின் மூலையில் இருந்த கரும்பலகையில் ‘பூதத்தின் பலம்’ என்ற வரிக்கு நேரே இருந்த பன்னிரண்டை அழித்தார். எட்டு என்று எழுதினார். கூடம் முழுக்க ஒரு சலசலப்பு. யாரோ கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒரு அம்மாள், “மாதாவே,” என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். பூதம் திடீரென்று ஏன் இளைத்தது என்று முதலில் அருள்மொழிக்குப் புரியவில்லை.

மாலதி குனிந்து அவள் காதில் சொன்னாள். “ஒரு நாற்காலி காலி ஆனா அன்னிக்குக் கொறைப்பாங்கக்கா. யாராச்சும் ஜெயிச்சதும் ஏத்திடுவாங்க. எப்பவும் அப்படித்தான். எப்பவும் யாராச்சும் செத்ததுக்கு அப்பறம்தான் கொறையும். இன்னிக்குத்தான் உசுரோட இருக்கறவங்க நாற்காலி.”

அப்படியானால் பூதத்தின் பலம் ஏறியதும் இறங்கியதும் விரல் வைத்தவர்களாலும் இல்லை, மனுவாலும் இல்லை. மூலிகையும் கம்பும் சும்மா. நாற்காலி இருந்தால் மக்களுக்கு மனவுறுதி இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. இத்தனை மாதமாக இவர்கள் கட்டிக் காத்த சமநிலை இவ்வளவுதான். அருள்மொழிக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. அவள் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

வாசல் பக்கம் பார்த்தாள். ஆரோக்கியராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவளையேதான் பார்த்தான்.

“எட்டுதான்க்கா. போங்க,” என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் போகாமல் இருந்திருக்கலாம். டோக்கனைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் பின்வரிசை அம்மாள் வந்து உட்கார்ந்திருப்பார், வெண்மதிக்கு நாற்காலி திரும்பியிருக்காது. இதெல்லாம் அவள் பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்ட நியாயம். அந்த நேரத்தில் எதையும் யோசிக்கவில்லை. கால் வீங்கிய ஒரு மனிதனின் முகம்தான் கண்ணில் நின்றது. உட்கார்ந்தாள். கம்புக்கு ஒன்று கழித்தும் பலம் பத்து அமைந்தது. ஓங்கி ஓங்கி உருட்டினாள். ஒரு அடி பட்டாள், மூன்று அடி அடித்தாள். மூன்றாவது அடியில் அவள் வாயிலிருந்து, “சாவு,” என்ற வார்த்தை வந்துவிட்டது. அது யாரைச் சொன்னது என்று அவளுக்குத் தெரியாது.

“பூதம் மண்ணில் சாய்கிறது. வீரனே, உன் மனவுறுதி வென்றது,” என்று மாலதி வாசித்தாள். அவள் எழுவதற்குள் கரும்பலகையில் எட்டை அழித்துப் பன்னிரண்டு எழுதிவிட்டார்கள். பின்வரிசை அம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

திருநாவுக்கரசு அவளுக்குக் கதர்த் துண்டு போர்த்தினார். “பாத்தீங்களா? பூதம் ஸ்ட்ராங்கா இருக்குதுன்னு மனு குடுத்த அதே அம்மாதான் இன்னிக்கு ஜெயிச்சிருக்காங்க. நாங்க அன்னிக்கே ஒங்க மனுவ ஏத்துக்கிட்டுக் கொறைச்சிருந்தா, இந்தத் தன்னம்பிக்க ஒங்களுக்கு வந்திருக்குமா? ஒங்கள நாங்கதாம்மா உருவாக்கியிருக்கோம்,” என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன், அவர் அதை நம்பினார். பிறகு செல்போனை நீட்டி, மற்ற குடும்பங்களுக்குப் போட்டுக் காட்ட நாலு வார்த்தை பேசச் சொன்னார். “எப்படி ஜெயிச்சீங்க? சுருக்கமா.”

எப்படி ஜெயித்தாள் என்பது கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வாசலில் இருந்தவனுக்கும் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். புதுப்பித்தல் நினைவுக்கு வந்தது. தம்பிப் பூதத்தின் பலத்தையும் இந்த மனிதர்தான் எழுதுகிறார்.

“மனவுறுதிதான் சார்,” என்றாள்.

கதிரவனுக்கு மறுநாளே நாற்காலி கிடைத்தது. வெண்மதியின் முறை இருந்த அதே காலை நேரம். சில வாரங்களில் கால் வீக்கம் வற்றியது, மல்லாந்து படுத்துத் தூங்கினான், ஒருநாள் கீழவீதி வரை தானாக நடந்துபோய்த் திரும்பினான். அருள்மொழி சந்தோஷமாக இருந்தாள். அதை மறைக்க வேண்டியதில்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள். வெண்மதியைச் சேத்தியாத்தோப்பிலிருந்து வாரம் ஒரு தடவை தனியாருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று மாலதி போனில் சொன்னாள். அதற்குப் பிறகு மாலதி போன் செய்தால் அவள் எடுப்பதில்லை.

புதுப்பித்தல் பற்றி விசாரிக்க ஐப்பசியில் கடலூர் போனபோது, செவ்வாய்க்கிழமை வரிசையின் வாலில் ஆரோக்கியராஜ் நின்றிருந்தான். கையில் புதிய டோக்கன். இளைத்திருந்தான், சட்டை தொளதொளத்தது. அவள் ஒதுங்கிப் போகப் பார்த்தாள், அதற்குள் அவன் பார்த்துவிட்டான். வரிசையை விட்டு ஓடி வந்தான். முகத்தில் கோபமோ சங்கடமோ கொஞ்சமும் இல்லை. அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை.

“அக்கா, நல்லா இருக்கீங்களா? மாமாவுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?”

நல்ல மனதோடுதான் கேட்டான். சொந்த அக்கா வீட்டுக்காரரை விசாரிப்பதுபோலத்தான் கேட்டான். ஆனால் ஒரு நாற்காலி காலியானால்தான் பூதம் இளைக்கும் என்பது அருள்மொழிக்கு நினைவு வந்தது. கூடத்துக்குள்ளே கரும்பலகையில் பன்னிரண்டு தெரிந்தது. வரிசையில் இவன் பேச்சைக் கேட்டுத் திரும்பியவர்கள் எல்லோரும் அவள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“நல்லா இருக்காரு,” என்றாள். போதாது என்று தோன்றியது. “ரொம்ப நல்லா இருக்காரு. ஒண்ணும் ஆவாது அவருக்கு,” என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டு, விசாரிக்க வந்ததை விசாரிக்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.